கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

பணி ஓய்வு பெற்றபின் பிள்ளைகளுக்கு அருகில் போய் இருந்துகொள்ளலாம் என்று நினைக்கிற பெற்றோர்களில் பெரும்பாலோர், பிள்ளையின் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்து வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுகிறார்கள். அது தவறு என்று சொல்ல வரவில்லை. பல குடும்பங்களில் வேறு வழியும் இருப்பதில்லை. ஆனால் கையில் கொஞ்சம் பணமும் உடம்பில் கொஞ்சம் தெம்பும் இருக்கிற காலத்திலேயே, பிள்ளையின் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், தனி வாசலும் தனி அடுப்பும் உள்ள ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, வரப்போகிற முதுமைக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொண்டு குடியேறுவதுதான் இரு தரப்புக்கும் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நானும், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்த என் கணவரும் தாம்பரத்து அடுக்ககத்தை விற்றுவிட்டு, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிராமத்துக்கு வந்தது அந்த நம்பிக்கையில்தான். எங்கள் ஒரே மகளை இந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்துக்குக் குடிபோகிறோம் என்றதும் சென்னையில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி மொழியைப் பற்றியதாகத்தான் இருந்தது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியை அறிந்தவர்களுக்கு அந்தக் கவலை வராது. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், கோபாலபுரத்தைத் தாண்டினால் பொள்ளாச்சி வட்டாரம். இடையில் இருக்கிற எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் வீட்டிலும் கடையிலும் கோயிலிலும் பேசப்படுவது பெரும்பாலும் தமிழே. ஆங்கிலேயர் காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும் இருந்தன. 1956இல் கேரளம் உருவானபோது இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. தமிழ் வழியில் படிக்கப் பள்ளிகள் இருக்கின்றன, சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதும் உரிமையைத் தருகிறது. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு நான் எழுதிய விண்ணப்பத்தைத் தமிழில்தான் எழுதினேன், வாங்கிக்கொண்டார்கள்.

மொழியைவிட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரில் போய்ப் பெற்றவர்கள் உட்காருவது நம் வழக்கத்தில் இல்லை. மகன் வீட்டுக்குப் போனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்; மகள் இருக்கும் ஊருக்குப் போனால், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் நமக்கு முன்னால் போய் நிற்கும். இந்தத் தயக்கத்தைப் போக்கியவர் சம்பந்தியம்மாதான். அவருடைய பங்காளி ஒருவரின் வீடு நீண்ட காலமாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு விசேஷத்துக்கு நாங்கள் வந்திருந்தபோது அவரே அந்த வீட்டைக் காட்டி, "இது சும்மா பூட்டிக் கெடக்குதுங்க. நீங்க வந்துட்டா எங்களுக்கும் ஒரு தொணையாச்சுங்க" என்றார். அவர் வாயால் அந்தச் சொல் வந்திராவிட்டால், மகள் எவ்வளவு வற்புறுத்தியிருந்தாலும் நாங்கள் வந்திருக்கமாட்டோம். மகள் வீட்டுக்கு அருகில் குடியேற நினைப்பவர்கள் மகளின் சம்மதத்தோடு நின்றுவிடாமல் சம்பந்தியின் மனத்தையும் அறிந்துகொள்ள வேண்டும்.

உறவுக்குள் வாங்குகிற வீடாயிற்றே என்று பத்திரத்தில் எதையும் தளர்த்தவில்லை. உறவுக்குள் வாங்கும்போதுதான் காகிதங்கள் இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். வில்லங்கம் பார்த்து, என் பெயரில் கிரயம் செய்து, வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (இங்கே பட்டா மாற்றத்துக்கு அதுதான் பெயர்) முடித்து, நிலவரி கட்டிய ரசீதை வாங்கிய பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட்டோம். வீடு என் பெயரில் இருப்பது பற்றி மகளுக்கோ மாப்பிள்ளைக்கோ ஒரு வருத்தமும் இல்லை. இருக்கிற சொத்தை முன்கூட்டியே பிள்ளை பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் பிறகு கலங்கி நிற்கிற பெரியவர்களை அஞ்சலகக் கவுன்ட்டரில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் திரும்பப் பெறப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 வழிசெய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த வழியில் நடக்க வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. அடுக்ககம் விற்ற பணத்தில் வீட்டுக்கும் வேலைக்கும் போக மீதியை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம்; ஒருவர் பெயரில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வரும்.

இனி வீட்டு வேலை. மண் சுவர், பனங்கைக் கூரை, மங்களூர் ஓடு, காவி போட்ட சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் திண்ணை, பின்கட்டில் ஒரு கிணறு: இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு உரிய எல்லாம் அதில் இருந்தன. இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னவர்கள் உண்டு. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொட்டுத் தாண்டுகிற ஊர் இது. ஓட்டுக் கூரையும் தடித்த மண் சுவரும் உள்ள வீட்டை இடித்துவிட்டு, பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவெல்லாம் கக்கும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே இரண்டு முதியவர்கள் போய்ப் படுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஓடுகளைப் பிரித்து, செல்லரித்த பனங்கைகளையும் ரீப்பர்களையும் மட்டும் மாற்றி, உடையாத ஓடுகளைக் கழுவி மீண்டும் வேய்ந்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும், ஆனி, ஆடியில் மேற்கிலிருந்தும் அடிக்கிற காற்று ஓட்டைத் தூக்கிவிடும் என்பதால், முகட்டு ஓடுகளையும் இறவாரத்து ஓடுகளையும் சிமென்ட் வைத்துப் பூச வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். இருட்டாக இருந்த நடு அறையில் கண்ணாடி ஓடுகள் பதித்த பிறகு பகலில் விளக்கு தேவைப்படவில்லை.

நாங்கள் அதிகம் மெனக்கெட்டது வாசல்களிலும் கழிவறையிலும்தான். என் கணவருக்கு முழங்கால் தேய்மானம் உண்டு. இன்றைக்குக் கைத்தடி இல்லாமல் நடக்கிறார், நாளைக்கு வாக்கர் வேண்டியிருக்கலாம், அதற்கும் பிறகு எங்களில் யாருக்கேனும் சக்கர நாற்காலி வேண்டியிருக்கலாம். அந்த நாள் வந்தபிறகு சுவரை உடைப்பதைவிட, அந்த நாளை நினைத்து இப்போதே கட்டிவிடுவது செலவிலும் அலைச்சலிலும் குறைவு. ஆகையால் உள்ளே உள்ள எல்லா நிலைகளும் மூன்றடி அகலம் இருக்க வேண்டும், தரையில் தடுக்குகிற கட்டை எதுவும் இருக்கக் கூடாது என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டோம்.

உள் நிலைகளின் கீழ்க்கட்டையை அறுப்பதில் அவருக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. தலைவாசலுக்கு வந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, மத்ததெல்லாம் அறுத்தாச்சு. தலைவாசல் நெலைய மட்டும் தொடச் சொல்லாதீங்க. மஞ்சள் பூசிக் கும்பிட்ட கட்டைங்க இது" என்றார். மஞ்சளும் குங்குமமும் பல தலைமுறையாக ஏறி, நடுப்பகுதி கால் பட்டுப் பட்டுக் குழிந்திருந்த கட்டை அது. எனக்கும் அதை அறுக்க மனம் இல்லை. அவரே ஒரு வழி சொன்னார்: கட்டையை அப்படியே வைத்துவிட்டு, வெளிப்பக்கமும் உட்பக்கமும் அதன் உயரத்துக்குச் சமமாக மரத்தில் சரிவு செய்து பொருத்திவிடலாம், வேண்டாதபோது கழற்றியும் வைக்கலாம். நெல் கொட்டிவைக்கிற பழைய பத்தாயத்தைப் பிரித்தபோது கிடைத்த பலாப் பலகையிலேயே அந்தச் சரிவுகளைச் செய்துகொடுத்தார். மாட்டுப் பொங்கலன்று அவற்றைக் கழற்றிவிட்டு நிலைக்கு மஞ்சள் பூசினேன்.

வாசலுக்கு ஏறுவதற்கு அடுத்த வழி தேட வேண்டியிருந்தது. பழைய வீடு என்பதால் தரைமட்டம் முற்றத்திலிருந்து இரண்டரை அடி உயரம். சக்கர நாற்காலியை ஒருவர் சிரமமின்றித் தள்ளிக்கொண்டு ஏற, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சரிவுப் பாதை இருக்க வேண்டும். இரண்டரை அடிக்கு முப்பது அடி நீளம் ஆகிறது. வீட்டுக்கு முன்னால் அவ்வளவு இடம் இல்லை. அதனால் பாதையைப் பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய், நடுவில் திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளச் சமதளம் விட்டு, திண்ணையின் ஓரத்தில் ஏற்றினோம். அகலம் நான்கடி, இரு பக்கமும் கைப்பிடிக் குழாய். அவசரத்தில் செங்குத்தாக ஒரு சரிவைக் கட்டிவிட்டு அதைச் சக்கர நாற்காலிப் பாதை என்று சொல்லிக்கொள்கிற வீடுகளையும் கட்டடங்களையும் நிறையப் பார்க்கிறோம். அவற்றில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து.

கழிவறை முன்பு தோட்டத்தில் இருந்தது. இரவில் முதியவர்கள் வெளியே நடக்கிற வேலையே இருக்கக் கூடாது என்பதால், படுக்கையறையை ஒட்டிப் பத்தாயம் இருந்த நெல் அறையைக் குளியலறையும் கழிவறையுமாக மாற்றினோம். மண் சுவரில் கைப்பிடிக் கம்பி நிற்காது. ஆள் பாரம் விழுந்தால் திருகாணி சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். அதற்காக உள்பக்கமாகச் செங்கல் சுவர் ஒன்றை எழுப்பி, கம்பி வருகிற இடங்களில் கான்கிரீட் வைத்து, அதன் பிறகே கம்பிகளைப் பதித்தார்கள். வழுக்காத டைல்ஸ் போட்டோம். குளிக்கும் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் நடுவே திண்டு கட்டாமல், தரையின் வாட்டத்தால் மட்டுமே தண்ணீர் ஓடும்படி செய்தோம். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து காசு வைத்துத் திருப்பித் திறக்கக் கூடியதாகப் பார்த்து வாங்கினார் மாப்பிள்ளை. கழிவுநீர்த் தொட்டி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது கேரளத்துக் கட்டட விதி. அதன்படி தொட்டியை வீட்டின் மறுபக்கம் கொண்டுபோனதில் குழாய் நீளம் கூடியது, செலவும் கூடியது, ஆனால் அது விட்டுக்கொடுக்கக் கூடிய விஷயம் இல்லை.

மின்சார வேலையை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பழைய ஒயரை முழுவதும் எடுத்துவிட்டு, எர்த் சரியாகப் போட்டு, கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைத்தோம். படுத்தபடியே போடக்கூடிய விளக்கு ஸ்விட்சும், குனியாமல் செருகக்கூடிய உயரத்தில் பிளக்கும் கட்டாயம் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. பாலக்காட்டு மாவட்டம் என்றதும் எங்கும் பசுமையும் ஆறும் என்று நினைப்பவர்கள் சித்தூரின் கிழக்கைப் பார்த்ததில்லை. இது மழை குறைந்த பகுதி. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். சித்தூர்ப்புழை என்கிற ஆற்றின் பாசனம் அதை நம்பித்தான் இருக்கிறது. இப்பகுதி ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் உப்பு மட்டுமன்றி ஃபுளோரைடும் அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது; தொடர்ந்து குடித்தால் பல்லும் எலும்பும் கெடும். ஏற்கெனவே மூட்டுவலியோடு வருகிற வயதானவர்களுக்கு இது சிறிய சங்கதி அன்று. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள், போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடியேறும் முன்பே கிணற்று நீரையும் போர் நீரையும் தனித்தனியாகப் பரிசோதனைக்கு அனுப்பினோம். போர் நீரைத் துணி துவைக்கவும் தோட்டத்துக்கும் வைத்துக்கொண்டோம். குடிக்கவும் சமைக்கவும் குழாய்வழி வருகிற வாட்டர் அதாரிட்டித் தண்ணீர்.

மாநிலம் மாறுவதால் வருகிற காகித வேலைகள் பல. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தடையில்லாச் சான்று பெற்று மறுபதிவு செய்தாக வேண்டும். குடும்ப அட்டையை அங்கே ஒப்படைத்த சான்றோடு இங்கே விண்ணப்பிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை அட்சயா எனப்படும் அரசு இணையச் சேவை மையத்தில் முடித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். இங்கே அது கிடையாது என்பதையும் மாதச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் மருந்தகம் இல்லாத இடத்துக்குக் குடிபெயர்ந்தால், புறநோயாளிச் சிகிச்சைக்குப் பதிலாக மாதம் 1,000 ரூபாய் நிலையான மருத்துவப்படி பெறலாம். நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றுக்கு அலையவே தேவையில்லை. அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை பெற்றுப் பதிந்துவிடுகிறார். நான் பணியாற்றிய துறை இதைச் செய்வதில் எனக்குப் பெருமை உண்டு.

முதியவர்களுக்குக் கேரளம் தருகிற ஒன்றை வேறு எந்த வசதியைவிடவும் பெரிதாக மதிக்கிறேன். வலி தணிப்பு மருத்துவத்துக்கான இயக்கம் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. 2008இல் கேரள அரசு அதை அரசுக் கொள்கையாகவே ஏற்றது. இன்று பஞ்சாயத்துதோறும் இந்த வலி தணிப்புப் பணிக்கென்றே பாலியேட்டிவ் நர்ஸ் இருக்கிறார். சம்பந்தியம்மாவின் மாமியார் கடைசிக் காலத்தில் படுத்த படுக்கையாக இருந்தபோது, குடும்ப ஆரோக்கிய மையத்திலிருந்து நர்ஸ் வீட்டுக்கு வந்து, படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டி, சிறுநீர்க் குழாயை மாற்றி, பார்த்துக்கொள்பவர்களுக்கும் புரட்டிப் படுக்க வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இங்கே வருவது என்று என் மனம் உறுதியானது அப்போதுதான். பெரிய சிகிச்சை என்றால் பாலக்காடும் கோயம்புத்தூரும் எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன. பிற்காலத்தில் ஹோம் நர்ஸ் வைக்க வேண்டி வந்தால் தங்குவதற்கென்று பின்கட்டில் ஓர் அறையையும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்; இப்போது அதில் பேத்தி படிக்கிறாள்.

பேத்தி பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் வருகிறாள். "அம்மிச்சி, என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைவாள், அப்புச்சியிடம் கணக்குப் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புவாள். சமையலை ஒன்றாக்கிவிடலாம், அம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்று மகள் தொடக்கத்தில் கேட்டாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவருக்கு உப்பும் எண்ணெயும் குறைத்துச் சமைக்க வேண்டும்; அங்கே வயலிலிருந்து பசியோடு வருகிற ஆண்களுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்காது. அவர்கள் சாப்பாட்டு நேரம் வேறு, எங்கள் நேரம் வேறு. இவற்றையெல்லாம் ஒரே அடுப்பில் போட்டால், நாள் ஆக ஆக யாராவது ஒருவர் வாயை மூடிக்கொண்டு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் அது என் மகளாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சேர்ந்து அங்கே சாப்பிடுகிறோம். மற்ற நாட்களில் கிண்ணங்கள் இரண்டு பக்கமும் போய்வருகின்றன. நின்றுகொண்டே சமைக்க முடியாத நாள் வரும் என்பதால், சமையல் மேடையின் ஒரு பகுதியை நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கும் உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். என் அடுப்பை என்னால் முடிகிற வரை நானே பார்த்துக்கொள்ள அது உதவும்.

பின்வாசல் சாவி ஒன்று மகளிடம் இருக்கிறது. இரவில் எங்கள் வீட்டு முன்விளக்கு எரிகிறதா என்று மாப்பிள்ளை தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பும்போது பார்த்துக்கொண்டு போகிறார்; எரியாவிட்டால் "அத்தை" என்று ஒரு குரல் கொடுப்பார். சம்பந்தி வீட்டு விஷயங்களில் அவர்கள் கேட்டாலன்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை, அவர்களும் அப்படியே. பக்கத்தில் இருப்பதாலேயே எல்லாவற்றிலும் பங்கு உண்டு என்று நினைத்துவிட்டால் அந்த நெருக்கம் நிலைக்காது.

வேலைகள் இன்னும் முழுதாக முடியவில்லை. மேற்குப் பக்கத்து இறவாரத்தில் தகரப் பீலி பொருத்தி, கூரையில் விழும் மழைநீரை மணலும் ஜல்லியும் போட்ட தொட்டி வழியாக வடிகட்டிக் கிணற்றில் விட வேண்டும். நல்ல மழைநீர் சேரச் சேரக் கிணற்று நீரின் உப்பு குறையும் என்று மேஸ்திரி சொல்கிறார். ஜூன் மழைக்கு முன்பே செய்தாக வேண்டிய வேலை இது. சித்திரை கழிந்ததும் ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புவது அந்த மழைக்காலம் முடிந்த பிறகு.